ஊதியத்தோடு தொழில் பழக்குவோருக்கு ஒரு திறந்த மடல்: சம்பளத்துக்குக் கிழமை குறியுங்கள், கருவியைப் பெண்கள் கையில் கொடுங்கள்

அறிவியல் மையங்கள், அருங்காட்சியகங்கள், ஒலி ஒளிக் கூடங்கள் நடத்துவோருக்கும், அவற்றின் பயிற்சித் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்குவோருக்கும்,

வணக்கம்.

பதினைந்து வயதைத் தாண்டிய பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, அறிவியல், மின்னணுவியல், ஒலி, காணொளி எல்லாவற்றையும் ஒரே வேலையாகப் பழக்கி, பழகும் காலத்துக்குச் சம்பளமும் கொடுப்பது நல்ல யோசனை. அதற்கான திட்ட அறிக்கைகளில் எத்தனை பேர், எத்தனை வாரம், எத்தனை கணினி என்ற கணக்கெல்லாம் சரியாகவே இருக்கும். சம்பளம் எந்தக் கிழமை கைக்கு வரும், பிள்ளைகள் செய்துமுடித்துக் காட்சிக்கு வைக்கும் படைப்புக்கு மின்சாரம் எங்கிருந்து வரும், திறப்பு விழாவுக்கு அடுத்த வாரம் அது நின்றுபோனால் யார் வந்து பார்ப்பது என்ற மூன்றும்தான் விட்டுப்போயிருக்கும். திட்டம் படுத்துக்கொள்வதும் இந்த மூன்றில்தான். நாங்கள், உலோகத்தை உருக்கி மின் இணைப்பு வைக்கும் சால்டரிங் மேசையிலும் ஒலிப்பதிவு மேசையிலும் எடிட்டிங் மேசையிலும் வேலை பழக்குகிறவர்கள். வரைவு இறுதியாகும் முன்பு எங்களைக் கூப்பிட்டுக் கேட்டால் எதைச் சொல்வோமோ, அதை எழுதியிருக்கிறோம்.

சம்பளத்திலிருந்து தொடங்குவோம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2023இல், தரமான தொழிற்பழகுநர் பயிற்சி பற்றிய 208ஆம் எண் பரிந்துரையை ஏற்றது. போதிய ஊதியம், எழுத்தில் ஒப்பந்தம், நோயில் படுத்தாலும் ஊதியம், வேலையில் அடிபட்டால் இழப்பீடு என்பவை அதில் இருக்கின்றன. திறமை கூடக்கூட ஊதியத்தையும் படிப்படியாகக் கூட்டலாம் என்கிறது. பரிந்துரை என்பதால் யாரையும் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் ஒப்பந்தப் படிவம் எழுத உட்காரும்போது அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை கொடுங்கள், மிஞ்சிப்போனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. கிழமையை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். "பயிற்சி முடிந்ததும் மொத்தமாக" என்ற ஏற்பாடு கணக்குப் பிரிவுக்கு வசதி. ஆனால் அந்தப் பணம் இல்லாமலேயே ஆறு மாதம் ஓட்ட முடிந்த வீட்டுப் பெண்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். மற்றவர்கள் பாதியிலேயே வேறு வேலைக்கோ வீட்டுப் பொறுப்புக்கோ திரும்பிவிடுவார்கள். அறிக்கையில் "ஆர்வம் குறைந்ததால் விலகினர்" என்று ஒரு வரி வரும். போக்குவரத்துச் செலவிலும் இதே கதைதான். பயணச் சீட்டைக் கொண்டுவந்தால் திருப்பித் தருகிறோம் என்பவர், முதலில் போடுவதற்கு அந்தப் பெண்ணிடம் பணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறார். வாரத் தொடக்கத்திலேயே முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள்.

பாதுகாப்பு வகுப்பு, மேசை துடைத்தல், கோப்புகளை நகலெடுத்தல், எடிட் செய்த காணொளியைக் கணினி கோப்பாக்கி முடிக்கும்வரை (ரெண்டர்) காத்திருத்தல் எல்லாமே வேலை நேரம். தேர்வு செய்யும் நாளுக்கும் கூலி உண்டு. 18 வயது ஆகாதவர் வங்கிக் கணக்கு திறக்கப் பல இடங்களில் பாதுகாவலர் கையெழுத்து வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். பயிற்சி தொடங்க ஆறு வாரம் இருக்கும்போதே இந்தக் காகித வேலையில் இறங்குங்கள். பணத்தை அந்தப் பெண்ணே எடுக்க முடிகிற கணக்குதானா என்றும் பாருங்கள். இன்னொன்று அடிக்கடி மறந்துபோகும். பிள்ளைக்கு வருமானம் வந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் அரசு உதவியோ அவளுடைய கல்வி உதவித்தொகையோ குறையுமா? இதை நீங்கள் விசாரித்து எழுத்தில் சொல்லாவிட்டால், இரண்டாம் மாதம் அது தெரியவரும்போது பெற்றோர் நிறுத்திவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஊதியப் படிகள் மூன்று போதும். மல்டிமீட்டர் என்ற மின் அளவுகருவியால் அளக்கவும், தெளிவாக ஒலிப்பதிவு செய்யவும், எடுத்ததைப் பெயரிட்டுச் சேமிக்கவும் தெரிந்தால் முதல் படி. தானே இணைத்து, தானே பழுது கண்டுபிடித்தால் இரண்டாவது. புதிதாக வந்தவருக்கு ஒரு வேலையைக் கற்றுக்கொடுக்க முடிந்தால் மூன்றாவது. படி உயர்வு பயிற்றுநரின் மனநிலையைப் பொறுத்து அமையாதபடி, எதைச் செய்துகாட்டினால் எந்தப் படி என்று சுவரில் ஒட்டிவையுங்கள். கருகிப்போன மின்சுற்றுப் பலகைக்கும் உடைந்த மைக்குக்கும் சம்பளத்தில் ஒரு காசும் பிடிக்கக் கூடாது. பிடித்தால் மறுநாளிலிருந்து யாரும் எதையும் தொட மாட்டார்கள். பாகங்களுக்கான செலவில் ஐந்தில் ஒரு பங்கைக் கெட்டுப்போவதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

ஆளெடுப்பதைப் பற்றி இரண்டு வரி. மதிப்பெண் கேட்க வேண்டாம், கட்டுரை எழுதச் சொல்ல வேண்டாம். எரியாத ஒரு டார்ச் விளக்கையும் திருகுளியையும் கொடுத்து இருபது நிமிடம் விடுங்கள். சரிசெய்தாளா என்பது பொருட்டல்ல. எதை முதலில் சோதித்தாள், ஏன் என்று அவள் சொல்வதைக் கேளுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். வரைவுகளில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது திங்கள் அறிவியல், புதன் தொழில்நுட்பம், வெள்ளி ஊடகக்கலை என்ற கால அட்டவணை. மூன்று ஆசிரியர்கள் தனித்தனியே வந்து போவார்கள். மூன்றும் ஒன்றுசேரும் இடம் எங்கேயும் இருக்காது. உண்மையில் அவை ஒன்றுசேர்வது ஏதாவது ஒன்று வேலை செய்யாமல் போகும்போதுதான். அதனால் முதல் மாதத்திலிருந்தே ஒரு படைப்பைக் கையில் கொடுத்துவிடுங்கள். மூன்றில் எது தெரியாவிட்டாலும் முடிக்க முடியாததாக அது இருக்கட்டும்.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகவே சொல்கிறோம். ஒரு நீர்நிலையின் வெப்பநிலையை அளந்து, அதைச் சுவரில் 150 எல்.இ.டி. புள்ளிகளில் நிறமாக ஓடவிட்டு, அந்த வேலையை ஐந்து நிமிடக் காணொளியாகவும் எடுப்பது. கேட்க எளிது. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் தனியே மாற்றக்கூடிய டபிள்யூ.எஸ்.2812பி வகை எல்.இ.டி. பட்டையில் ஒரு புள்ளி முழு வெள்ளையில் எரிந்தால் சுமார் 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். 150 புள்ளிக்கு 9 ஆம்பியர், 5 வோல்ட்டில் 45 வாட். கணினியின் சாதாரண யூ.எஸ்.பி. 2.0 துளை தருவது அரை ஆம்பியர். இந்தப் பெருக்கலை முதலில் போடாதவர்கள், முதல் ஐந்து புள்ளியை மேசையில் எரியவைத்து மகிழ்ந்துவிட்டு, முழுப் பட்டையையும் மாட்டியதும் பட்டையை இயக்கும் சிறு கணினிப் பலகை தானாக ரீசெட் ஆவதைப் பார்த்து நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பார்கள்.

தனி பவர் சப்ளை மாட்டினால் அடுத்தது வரும். பட்டையின் தொடக்கத்தில் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும், கடைசிக்குப் போகப்போக மஞ்சளாகிச் சிவக்கும். பட்டையின் மெல்லிய செம்பில் வோல்ட் குறைந்துகொண்டே போகிறது. சிவப்பு எல்.இ.டி. எரிய 2 வோல்ட் அளவு போதும், நீலத்துக்கும் பச்சைக்கும் 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டும், அதனால் அவை முதலில் மங்கும். நீல ஒளித்துகளுக்கு ஆற்றல் அதிகம் என்று புத்தகத்தில் படித்த பாடம் சுவரில் எழுந்து நிற்கிறது. பயிற்றுநர் வாயைத் திறக்க வேண்டிய நேரம் இதுதான். தீர்வு, பட்டையின் இரு முனையிலும் நடுவிலும் தனித்தனித் தடித்த வயரில் மின்சாரம் கொடுப்பது, ஒவ்வொரு வயருக்கும் ஃபியூஸ் போடுவது, நிரலில் அதிகபட்ச வெளிச்சத்தைக் கால் பங்குக்குக் கட்டுப்படுத்துவது. பவர் சப்ளை வாயில் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, முதல் புள்ளிக்கு முன்னால் டேட்டா வயரில் 300 முதல் 500 ஓம் மின்தடை. பலகையின் கிரவுண்டும் (மின்னோட்டம் திரும்பும் எதிர்முனை) பட்டையின் கிரவுண்டும் இணைந்திருக்க வேண்டும். இணைக்க மறந்தால் பட்டை கண்டபடி மினுங்கும்.

மேசையில் ஒழுங்காக எரிந்தது கூடத்தில் மினுங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, இதைப் பழகியவர்களே தவறவிடுவார்கள். இந்தப் பட்டை, தனக்கு வரும் மின்னழுத்தத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால்தான் சிக்னலை "ஒன்று" என்று ஏற்கும். சிக்னலை அனுப்பும் ஈ.எஸ்.பி.32 பலகை தருவது 3.3 வோல்ட். மேசையில் யூ.எஸ்.பி. வயரில் வந்தது இறங்கி 4.7 வோல்ட்டாக இருந்தால், தேவை 3.29; மயிரிழையில் தப்பிக்கும். கூடத்தில் நல்ல பவர் சப்ளை சரியாக 5 வோல்ட் தந்தால் தேவை 3.5, தோற்றுப்போகும். நல்ல கருவியை மாட்டியதால் கெட்டது! 74ஏ.ஹெச்.சி.டி.125 போன்ற சிக்னலின் மின்னழுத்தத்தை உயர்த்தும் ஒரு சிறு லெவல் ஷிஃப்டர் சிப் இதைத் தீர்க்கும். ஆனால் சிப்பை நீங்கள் எடுத்து நீட்டிவிடாதீர்கள். மல்டிமீட்டரைக் கொடுத்து, இரண்டு இடத்திலும் அளந்து எழுதச் சொல்லுங்கள். விடை அந்த இரண்டு எண்ணிலேயே இருக்கிறது.

அடுத்து கேமரா. கண்ணுக்கு நிலையாகத் தெரியும் பட்டை, கைப்பேசியில் எடுத்தால் கருப்புக் கோடுகளாக ஓடும். பரவலாகக் கிடைக்கும் இந்த வகைப் புள்ளிகள் வெளிச்சத்தைக் குறைக்க நொடிக்குச் சுமார் 400 முறை அணைந்து எரிகின்றன. ஒரு சுற்றுக்கு 2.5 மில்லி நொடி. ஷட்டரை நொடியில் 50இல் ஒரு பங்காக வைத்தால் எட்டுச் சுற்றுகள் முழுதாக விழும், கோடு தெரியாது. வெளிச்சம் அதிகம் என்று கைப்பேசி தானாகவே ஆயிரத்தில் ஒரு பங்குக்கு இறக்கிவிட்டால், ஒரு சுற்றில் பாதிகூடப் பதிவாகாது. வரி வரியாகப் படம் எடுக்கும் சென்ஸாரில் அது கோடுகளாக விழும். ஷட்டரைக் கையால் பூட்டி, மிஞ்சும் வெளிச்சத்தை லென்ஸுக்கு முன்னால் ஒரு சாம்பல் வடிகட்டியால் குறைக்க வேண்டும். அறை விளக்குக்கும் பொருத்தம் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் 50இல் அல்லது 100இல் ஒரு பங்கு, 60 ஹெர்ட்ஸ் என்றால் 60 அல்லது 120. இதே அணைந்து எரியும் துடிப்பு பக்கத்தில் ஓடும் மைக் வயரில் புகுந்து முனகலாகக் கேட்கும். மைக் வயரை விலக்குங்கள், குறுக்கே போக வேண்டுமானால் செங்குத்தாகப் போகட்டும், வழியில் புகும் இரைச்சலைக் கழித்துவிடும் பேலன்ஸ்டு வயர் போடுங்கள். பழுது ஒன்றுதான். மின்னணு மேசை, கேமரா மேசை, ஒலி மேசை மூன்றிலும் அது வேறு வேறு முகத்தோடு வருகிறது. திங்கள், புதன், வெள்ளி அட்டவணையில் இதை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

வெப்பமானியும் சும்மா இருக்காது. டி.எஸ்.18பி20 சென்ஸார் மிக நுட்பமான அளவில் ஒரு வெப்பநிலையைக் கணக்கிட 750 மில்லி நொடி வரை எடுக்கும். நிரல் அதுவரை காத்திருந்தால், நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் அசைவில் ஏறக்குறைய 19 ஃபிரேம் உறைந்து நிற்கும். கணக்கைத் தொடங்கச் சொல்லிவிட்டு, அசைவை ஓட்டிக்கொண்டே இருந்து, பிறகு வந்து விடையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியம் நேர்மை. அந்தச் சென்ஸார் 0.0625 டிகிரி வரை எண் காட்டும், ஆனால் அதன் துல்லியம் கூட்டியோ குறைத்தோ அரை டிகிரி. இரண்டு இடத்தில் வைத்த இரண்டு சென்ஸார்களுக்கு இடையே 0.3 டிகிரி வித்தியாசத்தை ஒன்று நீலம், ஒன்று சிவப்பு என்று சுவரில் காட்டினால் பார்ப்பதற்கு அழகு, சொல்வது பொய். இரண்டையும் ஒன்றாக உருகும் பனிக்கட்டி நீரில் வைத்து, எது எவ்வளவு விலகுகிறது என்று குறித்துக்கொண்டு, பிறகுதான் நிற அட்டவணையைத் தீர்மானிக்க வேண்டும். சிவப்பு பச்சை வேறுபாட்டை மட்டும் நம்பும் நிற அட்டவணையும் ஆகாது, ஏறக்குறைய 12 ஆண்களில் ஒருவருக்கு அந்த வேறுபாடு சரியாகத் தெரியாது.

படைப்பை முதல் மாதத்தில் தொடங்கினாலும், இவ்வளவும் வந்துசேர்வது இரண்டாம் மாதத்தில். முதல் வாரத்துக்குக் கணினியே வேண்டாம். 1842இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த, வெயிலால் நீலப் படம் அச்சிடும் சயனோடைப் முறையைக் கொடுங்கள். அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் 1843லிருந்து கடற்பாசிகளை இந்த முறையில் பதிவுசெய்து புத்தகமாக வெளியிட்டார். அறிவியல் பதிவும் படக்கலையும் அங்கே பிரிக்க முடியாதபடி கலந்துகிடந்தன. 100 மில்லி நீரில் 25 கிராம் பச்சை ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், இன்னொரு 100 மில்லியில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு. இரண்டையும் தனித்தனிக் கருநிறப் புட்டியில் வைத்து, தேவைப்படும்போது சம அளவு கலக்க வேண்டும். 10 மில்லிக்கு 10 மில்லி கலந்தால் பத்து ஏ4 தாளுக்குப் பூசலாம். மங்கிய மஞ்சள் விளக்கில் பூசி, இருட்டில் உலர்த்தி, இலையையோ அச்சிட்ட நெகடிவையோ மேலே வைத்து வெயில் காட்டிக் கழுவ வேண்டும். கழுவும்போது நீலம் ஓடிப்போனால் வெயில் போதவில்லை. வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் நீலம் பாய்ந்திருந்தால் உலர்த்தும்போதே வெளிச்சம் பட்டிருக்கிறது, அல்லது மஞ்சள் போகும்வரை கழுவவில்லை. புறஊதாவைத் தடுக்கும் அக்ரிலிக் பலகையால் மூடினால் எவ்வளவு நேரம் வைத்தாலும் ஒன்றும் வராது. பொட்டாசியம் ஃபெரிசயனைடு பக்கத்தில் வலுவான அமிலம் எதுவும் வரக் கூடாது, சூடும் சேர்ந்தால் நச்சு வாயு வெளிவரும். முதல் வாரக் கடைசியில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு படமும் முதல் சம்பளமும் இருக்கட்டும்.

கருவி யார் கையில் இருக்கிறது என்பதை ஒரு நாள் கூடத்தின் மூலையில் நின்று பாருங்கள். பெண்கள் மட்டும் இருக்கும் பயிற்சியிலும் பயிற்றுநர் "இங்கே கொடு, நான் காட்டுகிறேன்" என்று வாங்கிவிடுவார். வாங்கியது திரும்பி வராது. கலந்த குழுவென்றால் பெண்களுக்குச் சுவரொட்டி, தொகுத்துப் பேசுவது, குறிப்பெழுதுவது என்று தானாகவே ஒதுங்கிவிடும். கையெழுத்து நன்றாக இருப்பது ஒரு தண்டனையாகிவிடக் கூடாது. எனவே நான்கு பேர் குழு வேண்டாம், அதில் இருவர் வேடிக்கை பார்ப்பார்கள். இருவர் இருவராக, ஒவ்வொரு இணைக்கும் ஒரு முழுக் கருவித் தொகுதி. பன்னிரண்டு பேர் என்றால் ஆறு தொகுதி. வெப்பம் கட்டுப்படுத்தும் சால்டரிங் இரும்பு, மல்டிமீட்டர், காது முழுக்க மூடும் ஹெட்போன், ஒலிப்பதிவுக் கருவி எல்லாம் ஆறு ஆறு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பொறுப்பு மாற வேண்டும்: வயரிங், நிரல், கேமரா, ஒலி, பாகங்கள் வாங்கும் கணக்கு. கணக்கைச் சேர்த்திருப்பது வேண்டுமென்றேதான். பாகத்தின் விலை தெரியாதவர் பிறகு சொந்தமாக வேலை எடுக்க முடியாது. பயிற்றுநர் விரலால் சுட்டிக்காட்டலாம், கேட்டால் ஒழியக் கருவியைத் தொடக் கூடாது. சால்டரிங் நேரத்தில் நான்கு பேருக்கு ஒரு பயிற்றுநர் இருக்க வேண்டும்.

இளவயதில் சம்பளத்தோடு கருவியைத் தொடக் கிடைத்தால் என்னவாகும் என்பதற்கு பிரிட்டனின் மின்னணு இசைக் கலைஞர் டாஃப்னி ஓரம் என்பவரைச் சொல்லலாம். 1940களின் தொடக்கத்தில், இருபது வயது ஆகும் முன்பே, பிபிசி வானொலியில் இளநிலை ஒலிக்கூடப் பொறியாளராகச் சேர்ந்தவர். 1958இல் அங்கே மின்னணு ஒலிக்கான ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப் அமைந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. பின்னர் 35 மி.மீ. ஃபிலிம் பட்டைகளில் கோடு வரைந்து, அந்தக் கோட்டையே ஒலியாக மாற்றும் எந்திரத்தைத் தானே வடிவமைத்தார். இசை, ஒளி, மின்சுற்று மூன்றும் தெரிந்த கை அது.

பாதுகாப்பில் பொதுவான அறிவுரைகள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும், விட்டுப்போகிறவற்றை மட்டும் சொல்கிறோம். காரீயம் இல்லாத சால்டர் வாங்குங்கள். அது சுமார் 217 டிகிரி செல்சியஸில் உருகும், இரும்பை 350 அளவில் வைக்க வேண்டும். காரீயம் இல்லாததால் புகை நல்லதாகிவிடாது. பிசின் புகை ஆஸ்துமாவைக் கிளப்பும். சின்ன விசிறி அதைப் பக்கத்து மேசைப் பெண்ணின் முகத்துக்குத் தள்ளும், அவ்வளவுதான். உறிஞ்சி வடிகட்டும் கருவி வேண்டும். லேசர் வெட்டும் எந்திரத்தில் பி.வி.சி. தாள் ஒருபோதும் போகக் கூடாது. வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் எந்திரத்தையும் சேர்த்து அரிக்கும். தாளின் மேல் பெயர் எழுதாமல் அலமாரியில் வைத்தால் இந்தத் தவறு என்றாவது ஒரு நாள் நடக்கும். கையுறையும் கண்ணாடியும் சிறிய அளவில் வாங்குங்கள், பெரிய கையுறையோடு சிறிய கை வேலை செய்வது கையுறை இல்லாததைவிட ஆபத்து. சுவரில் ஓடும் ஒளி நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடக் கூடாது, வலிப்பு வரக்கூடியவர்கள் பார்வையாளர்களில் இருப்பார்கள்.

எடிட்டிங் அறைக் கதவில் கண்ணாடி வேண்டும். ஒரு பெரியவரும் ஒரு சிறுமியும் தனியாக மூடிய அறையில் இருக்கக் கூடாது என்பதை நம்பிக்கைக்கு விடாமல் விதியாகவே எழுதுங்கள். புகார் வாங்குகிறவர் இவர்களுடைய சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போடுகிறவராக இருக்கக் கூடாது. கழிப்பறை கூடத்துக்கு அருகில், பூட்டிவைக்கப்படாமல், நாப்கினோடு இருக்க வேண்டும். தேர்வு வாரங்களில் விடுப்பு எடுத்தால் இடம் போகாது என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள்.

பிப்ரவரி 11, அறிவியலில் பெண்களுக்கும் சிறுமிகளுக்குமான பன்னாட்டு நாள். அன்று எடுக்கும் படங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். படம் எடுக்கவும் வெளியிடவும் ஒப்புதல் படிவம் வேலை ஒப்பந்தத்திலிருந்து தனியாக இருக்க வேண்டும். மறுத்தால் சம்பளமோ இடமோ பாதிக்கப்படாது என்று அதிலேயே எழுதியிருக்க வேண்டும். 18 வயது ஆகாதவருக்குப் பாதுகாவலர் கையெழுத்து மட்டும் போதாது, அந்தப் பெண்ணின் விருப்பமும் வேண்டும். படத்தில் பெயர் போடுவதா என்பது அவள் முடிவு. ஆனால் படைப்பில் பெயர் போடுவது உங்கள் கடமை. 1946இல் அமெரிக்காவின் தொடக்ககால மின்னணுக் கணினியான எனியாக்கை உலகுக்குக் காட்டியபோது அதற்கு நிரல் அமைத்த ஆறு பெண்களின் பெயர்களை யாரும் சொல்லவில்லை. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் கே மெக்நல்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சஸ் பைலஸ், ரூத் லிக்டர்மேன் என்ற பெயர்கள் பரவலாகத் தெரியவந்தன. சுவர்க் குறிப்பிலும் காணொளியின் முடிவிலும் யார் என்ன செய்தார் என்று எழுதுங்கள். "பயிற்சி மாணவிகள்" என்ற ஒரு வரி போதாது.

படைப்பு உங்கள் கூடத்தில் இருக்கலாம், ஆனால் அதைத் தன் வேலையாகக் காட்டும் உரிமை பழகுநருக்கு நிபந்தனையின்றி இருக்க வேண்டும். முடிந்த காணொளி மட்டுமல்ல, எடிட்டிங் கோப்பு, மூல ஒலி, நிரல், மின்சுற்றுப் படம் எல்லாவற்றின் நகலும் போகும்போது அவளோடு போக வேண்டும். நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் பதிவான காணொளி ஒரு மணி நேரத்துக்கு 22.5 ஜிகாபைட், பல மணி நேரப் பதிவு சிறிய பென் டிரைவில் அடங்காது, ஆளுக்கொரு வன்தட்டு கணக்கில் எழுதுங்கள். மாதச் சந்தா கட்டும் மென்பொருளில் பழக்கினால், பயிற்சி முடிந்த மறுமாதம் தன் வேலையையே திறக்க முடியாமல் நிற்பாள். பிளெண்டர், ஆடாசிட்டி, இங்க்ஸ்கேப் போன்ற கட்டற்ற மென்பொருள்களிலேயே பெரும்பாலான வேலையை முடிக்க முடியும்.

திறப்பு விழாவுக்கு முந்தைய இரவு நடப்பதை எல்லாரும் அறிவோம். பயிற்றுநர்கள் உட்கார்ந்து எல்லாவற்றையும் தாங்களே சால்டர் செய்து முடிப்பார்கள். பிள்ளைகள் காலையில் வந்து, தாங்கள் செய்யாத ஒன்றின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். இதைத் தவிர்க்க ஒரே வழி, திறப்புக்கு மூன்று வாரம் முன்பே வேலையை நிறுத்திவிட்டு, நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடவிட்டுப் பார்ப்பது. அப்போதுதான் தெரியும்: சால்டர் செய்யாமல் இணைக்கும் பிரெட்போர்டில் குத்திய ஜம்பர் வயர் தானாகக் கழன்றுவிடும், வழவழப்பான பரப்பில் சூட்டுப் பசை விட்டுப்போகும், சிறு கணினியை மாலையில் பிளக்கைப் பிடுங்கி அணைத்தால் மெமரி கார்டு ஒரு நாள் கெட்டுப்போகும், குறைந்த மின்னோட்டம் இழுக்கும் கருவியைப் பவர் பேங்கில் மாட்டினால் பவர் பேங்க் எதுவும் மாட்டப்படவில்லை என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். திருகு முனை, வயருக்கு இழுவைப் பிடிப்பு, தானாக மீண்டும் தொடங்கும் நிரல், எழுத முடியாதபடி பூட்டிய மெமரி கார்டு, இரண்டு தொகுதி உதிரிப் பாகம். இவை எல்லாம் அந்த மூன்று வாரத்தில் நடக்க வேண்டும், பழகுநர் கையால்.

பிறகு பராமரிப்பு. பன்னிரண்டு பேர், வாரத்துக்கு 8 மணி நேரம், 24 வாரம் என்றால் மொத்தம் 2,304 மணி நேரக் கூலி. அதன் மேல் பத்தில் ஒரு பங்கை, சுமார் 230 மணி நேரத்தை, திறப்புக்குப் பிந்தைய பழுதுபார்ப்புக்கு ஒதுக்குங்கள். காட்சி நடக்கும் மாதங்களில் இருவர் இருவராக முறைபோட்டு வருவார்கள், மூன்றாம் படிச் சம்பளத்தில். பழுதுக் குறிப்பேடு ஒன்று காட்சிக்குப் பின்னால் தொங்கட்டும்: தேதி, என்ன நின்றது, எதை அளந்தோம், எதை மாற்றினோம். வேலை தேடிப் போகும்போது சான்றிதழைவிட அந்தக் குறிப்பேட்டின் நகல் அவர்களுக்கு உதவும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் பணம் போதாது என்பீர்கள். போதாதுதான். அப்படியானால் வெட்ட வேண்டிய வரிசை இது: முதலில் சீருடைச் சட்டையும் பதாகையும், அடுத்து திறப்பு விழா விருந்து, அடுத்து விலையுயர்ந்த கேமரா, கைப்பேசியும் நல்ல மைக்கும் ஐந்து நிமிடக் காணொளிக்குப் போதும். அதற்கும் மேல் குறைய வேண்டுமானால் பன்னிரண்டு பேரை எட்டாக்குங்கள். எட்டுக்குக் கீழ் போனால் பொறுப்பு மாற்றும் சுற்று நடக்காது, அந்த ஆண்டு தொடங்காமல் அடுத்த ஆண்டுக்குச் சேர்த்துவையுங்கள். மணிநேரக் கூலி, போக்குவரத்து முன்பணம், புகை உறிஞ்சி, பழுதுபார்ப்புக்கான 230 மணி நேரம் ஆகிய நான்கையும் தொடாதீர்கள். எட்டுப் பேரானால் இந்த 230 மணி 154 ஆகும், அதுவரை சரி.

உங்கள் வரைவில் சம்பளக் கிழமை, கருவித் தொகுதிகளின் எண்ணிக்கை, பராமரிப்பு மணி நேரம் ஆகிய மூன்று கட்டங்களை நிரப்பி எங்களுக்கு அனுப்பினால், பாகங்களின் பட்டியலையும் மின்சாரக் கணக்கையும் சரிபார்த்துத் திருப்பி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
மின்னணுவியல், ஒலிப்பதிவு, எடிட்டிங் மேசைகளில் தொழில் பழக்குவோர்